ஒடித்து நட்ட உறவு

மலரை விரும்பாத மனம் இல்லை. ஆயினும் செடியை வளர்த்தவர்க்கே மலரின் அருமை முழுதும் விளங்கும். இதனை எனக்கு உணர்த்தியது எங்கள் வீட்டு முற்றத்துச் செம்பருத்தி.

திருவண்ணாமலையில் எங்கள் அடுத்த வீட்டு அம்மையார் தம் செடியிலிருந்து ஒடித்துத் தந்த கிளையை என் அன்னையார் நட்டு வளர்த்தார்கள். அவர்கள் வீட்டில் அது பூசைக்குரிய மலர். எங்கள் வீட்டில் எண்ணெயிற் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கும் மருந்து. காலப்போக்கில் அவ்வம்மையார் மறைந்தார்கள். அவர்கள் வீட்டுச் செடியும் பட்டுப்போயிற்று. பின்னர் எங்கள் வீட்டை இடித்துக் கட்ட நேர்ந்தபோது, "செடியை விட்டுவிடாதே, அது அக்கா கொடுத்தது" என்றார்கள் அன்னையார்.

அடுக்குச் செம்பருத்தி நம் வீடுகளில் விதை கட்டுவது அரிது. கிளையே அதற்கு வித்து. ஆதலால் ஒடித்து நட்ட செடி சேய் அன்று, தாய்ச்செடியின் தொடர்ச்சியே. 1753இல் லின்னேயசு 'சீனத்து ரோசா' எனப் பொருள்படப் பெயரிட்ட இம்மலரை, 1960இல் மலேசியா தன் தேசிய மலராக ஏற்றது. இது தோட்டந்தோறும் பரவியதில் கைமாறிய கிளைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

சித்திரை வெயிலில் நட்ட கிளைகள் யாவும் கருகின. மறுமுறை நட்டவற்றை, வேர்விட்டனவா என அடிக்கடி பிடுங்கிப் பார்த்தே கெடுத்தேன். வீட்டை இடிக்கும் நாளோ நெருங்கிற்று. ஆடியில், பென்சில் பருமனுள்ள, பாதி முற்றிய கிளைகளை ஆறு அங்குல நீளத்தில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக நறுக்கினேன். மொட்டுகளையும் கீழ் இலைகளையும் நீக்கி, மணலும் மட்கிய எருவும் கலந்த தொட்டியில் இரு கணுக்கள் புதையுமாறு ஊன்றி நிழலில் வைத்தேன். ஈரம் காயாமலும் நீர் தேங்காமலும் காத்தேன். துளிர் கண்டதும் வேர் பிடித்தது என எண்ணலாகாது; கிளையில் சேர்ந்திருக்கும் உணவே முதல் துளிரைத் தந்துவிடும். ஆறு வாரம் பொறுத்திருந்தேன். இரண்டு கிளைகள் பிழைத்தன.

ஒன்று எங்கள் புது முற்றத்தில் நிற்கிறது. மற்றொன்றை அவ்வம்மையாரின் மகள் வீட்டிற்கு அன்னையாரே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கே முதற்பூ மலர்ந்து விளக்கருகே வைக்கப்பட்டதென்று செய்தி வந்தது. கேட்ட அன்னையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னும் இரண்டு கிளை ஊன்றி வை, யாராவது கேட்பார்கள்" என்றார்கள்.

மாணவச் செல்வங்களே! அண்டை வீட்டார் நட்பும் இத்தகையதே. ஒருவர் ஒடித்துத் தர, மற்றவர் பொறுமையோடு ஊன்றிக் காத்தாலன்றி அது தழைப்பதில்லை.