இஸ்தான்புல்லில் இனிப்பைத் தேடி

கருங்கடல் பக்கமிருந்து வீசும் வடகிழக்குக் காற்றுக்கு இஸ்தான்புல்காரர்கள் பொய்ராஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜனவரி காலையில் கலாட்டா பாலத்தின் மேல் நின்றால், அந்தக் காற்று கம்பளிச் சட்டை, சால்வை, குல்லா எல்லாவற்றையும் தாண்டி எலும்பைத் தொட்டுவிட்டுப் போகிறது. மதுரை வெயிலில் வளர்ந்த உடம்பு எனக்கு. பாலம் நெடுகத் தூண்டிலை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் மனிதர்களோ அசையவே இல்லை! அவர்களுக்குப் பின்னால் ஒரு வண்டிக்காரர் சிமித் விற்றுக்கொண்டிருந்தார். வளையம் போன்ற ரொட்டி அது. திராட்சைப் பாகு கலந்த தண்ணீரில் முக்கி, எள்ளில் புரட்டிச் சுடுகிறார்கள். கடிக்கும்போது வறுத்த எள்ளின் வாசம் மூக்கில் ஏறியது. விரல்களுக்கு உயிர் திரும்பியது.

முந்தைய இரவு விடுதிப் பெண்ணிடம், "இந்த ஊரில் நல்ல இனிப்பு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டிருந்தேன். அவர் புருவத்தை உயர்த்தி, "எந்த இனிப்பு? அதைச் சொல்லுங்கள், கடையைச் சொல்கிறேன்" என்றார். இங்கே பக்லாவாவுக்குப் பக்லாவாஜி, பால் இனிப்புக்கு முஹல்லெபிஜி, மிட்டாய்க்கு ஷெகெர்ஜி, போசாவுக்கு போசாஜி என்று தொழிலே தனித்தனியாகப் பிரிந்து கிடக்கிறது. எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் கடைகளும் ஏராளம். ஆனாலும் ஒன்றையே பரம்பரையாகச் செய்தவர் கைப்பக்குவம் வேறுதான். விடுதிப் பெண் எழுதித் தந்த துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் பாலத்தின் வடமுனையில் கராக்கோய். அங்கே இருக்கிறது குல்லுவோலு. துருக்கியின் தென்கிழக்கில் இருக்கும் காசியான்தெப் நகரத்துக் குடும்பம். 1949-இலிருந்து இங்கே கடை. கதவைத் தள்ளியதும் நெய் வாசம் எதிரே வந்து கைப்பிடித்து அழைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகப் பக்லாவா, சதுரமாகவும் சாய்சதுரமாகவும் சுருளாகவும், மேலே பிஸ்தாப் பொடியின் பச்சை. அந்தப் பச்சைக்குக் காரணம் உண்டு. பருப்பு முழுதாக முற்றுவதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். முற்றவிட்டால் நிறமும் மணமும் குறைந்துவிடுமாம்.

மாவை மெல்லிய உருட்டுக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து, அந்தப் பக்கம் இருப்பது தெரியும் அளவுக்கு இழைக்கிறார்கள். அப்படி நாற்பது அடுக்கு வரை. நடுவில் பிஸ்தா, அடுக்குகளுக்கு இடையே உருக்கிய நெய், சுட்டு எடுத்ததும் சர்க்கரைப் பாகு. நான் முள்கரண்டியை மேலிருந்து இறக்கப் போனபோது, பக்கத்து மேசைப் பெரியவர் "மகளே, பொறு" என்பதுபோல் கையைக் காட்டினார். தன் துண்டைக் கரண்டியால் குத்திக் கவிழ்த்துப் பிடித்து, தலைகீழாக வாயில் வைத்துக் காட்டினார். பாகு ஊறிய அடிப்பக்கம் முதலில் நாக்கில் பட வேண்டும், மொறுமொறுப்பு அடுத்து வர வேண்டும். அப்படியே செய்தேன். ஆகா! முதலில் இனிப்பும் நெய்யும், அதன்மேல் சருகு மிதிபடுவதுபோல் ஒரு மெல்லிய ஒலி, கடைசியில் பிஸ்தா. வாயில் எதுவும் ஒட்டவில்லை, தொண்டையில் எரிச்சலும் இல்லை. நல்ல பக்லாவாவுக்கு அந்த ஒலிதான் சான்று என்று பெரியவர் காதைத் தொட்டுக் காட்டினார்.

இந்தப் பண்டத்துக்கு இருக்கும் மரியாதையைக் கேளுங்கள். ஒட்டோமான் காலத்தில் ரமலானின் பதினைந்தாம் நாள் சுல்தானின் அரண்மனை அடுக்களையிலிருந்து ஜானிசரிப் படைக்குப் பக்லாவா போகும், பத்து வீரர்களுக்கு ஒரு தட்டு என்ற கணக்கில். தட்டுகளைச் சுமந்துகொண்டு வீரர்கள் ஊர்வலமாகப் போவதைப் பார்க்கத் தெரு நிறைய ஜனம் கூடுமாம். நம் காலத்தில், 2013-இல், காசியான்தெப் பக்லாவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு தந்தது. துருக்கியிலிருந்து அந்தத் தகுதி பெற்ற முதல் பொருள் ஒரு தின்பண்டம்!

பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்தால் எமினோனு. மசாலாச் சந்தையின் கடைகளில் லோகும் என்ற மிட்டாய் மலைமலையாகக் குவிந்திருக்கிறது. ரோஜா நிறம், மாதுளை நிறம், மேலே தேங்காய்த் துருவல். கண்ணுக்கு விருந்துதான். நான் அங்கே வாங்காமல், சந்தையை விட்டுச் சற்றுத் தள்ளி பாஹ்செகபியில் இருக்கும் ஹாஜி பெகிர் கடைக்கு நடந்தேன். கஸ்தமோனு பக்கத்திலிருந்து வந்த பெகிர் எஃபெந்தி 1777-இல் தொடங்கியது. இன்றும் அதே பேட்டை. உள்ளே பழைய மர அலமாரிகள், கண்ணாடி ஜாடிகளில் அகிதே மிட்டாய்கள், பளிங்குப் பலகையில் தராசு. சர்க்கரையும் தண்ணீரும் மாவுச்சத்தும் சேர்த்து மணிக்கணக்காகக் கிளறி, தட்டில் ஊற்றி ஆறவிட்டு, மறுநாள் துண்டு போடுகிறார்கள். லோகும் அவ்வளவுதான். ரோஜா லோகுமை வாயில் போட்டேன். பல் பதிந்து மெல்ல மீண்டது. பிறகு ரோஜாத் தோட்டத்தில் நிற்பதுபோல் மூச்சு முழுக்க மணம். சந்தையில் ருசி பார்க்கக் கொடுத்த துண்டு இதன் பக்கத்தில் நிற்காது. கடைக்காரம்மா கசப்புக் காபி ஒரு மடக்கு குடித்துவிட்டு லோகுமைக் கடிக்கச் சொன்னார். அதுதான் அவர்கள் முறை.

மதியம் எமினோனு படகுத்துறையிலிருந்து காடிக்கோய்க்குப் படகு. இருபது நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு! சில்லிட்ட காற்றில் கடற்பறவைகள் கூடவே வந்தன. இடை குறுகிய கண்ணாடிக் குவளையில் தேநீர் ஆவி பறந்தது. காடிக்கோய் அங்காடித் தெருவில் ஜாஃபர் எரோல் என்ற 1807-ஆம் ஆண்டு மிட்டாய்க்கடையில் பாதாம் விழுதை மட்டும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மாலையில் சிஹாங்கிர் மேட்டில் ஒரு சிறிய பால்கடை. அங்கேதான் அன்றைய நாளின் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. வெள்ளைவெளேரென்று, வெட்டிய பாலாடைபோல ஓர் இனிப்பைத் தட்டில் வைத்து, மேலே இலவங்கப்பட்டைப் பொடியைத் தூவிக் கொடுத்தார்கள். பெயர் தாவுக் கொய்சு. அதில் இருப்பது கோழியின் நெஞ்சுக்கறி! கறியை வேகவைத்து, நூல் நூலாகப் பிரித்து, கோழி வாசம் போகும்வரை அலசி, பாலிலும் சர்க்கரையிலும் அரிசிமாவிலும் போட்டுக் கிண்டுகிறார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. வாயில் வைத்தால் பாலின் இனிப்பு, அதற்குள் மிக மெல்லிய இழை, ஒரு இழுவை. சுல்தான்களின் மேசையில் இருந்த பண்டம் இது. இதன் அடியைத் தீய்த்து, பழுப்புத்தோல் மேலே தெரியச் சுருட்டித் தருவதற்குக் கசான்திபி என்று பெயர். பாலும் கருகிய சர்க்கரையும் சேர்ந்த அந்த லேசான கசப்பை வென்ற சுவை அன்று எனக்குக் கிடைக்கவில்லை. பக்லாவாவைவிட இதற்கே என் வாக்கு.

இருட்டிய பிறகு சுலைமானியே மசூதிக்குக் கீழே வெஃபா என்ற பழைய பேட்டை. தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. ஒரே ஒரு கடையின் வாசலில் மட்டும் கூட்டம். 1876 முதல் போசா விற்கும் வெஃபா போசாஜிசி. மிதிபட்டு மிதிபட்டு நடுவில் குழிந்துபோன பளிங்கு வாசற்படி. உள்ளே வண்ண ஓடு பதித்த சுவர். துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் குடித்த குவளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காக்கிறார்கள். எதிர்க்கடையில் சூடான வறுத்த கொண்டைக்கடலையைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு வந்து, போசாவின்மேல் போட்டுச் சாப்பிடுவது வழக்கம். போசா என்பது தினையைப் போன்ற சிறுதானியத்தை வேகவைத்துப் புளிக்கவிட்டுச் சர்க்கரை சேர்ப்பது. கரண்டியால் அள்ளி வாயில் வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆடி மாதம் மாரியம்மன் கோயில் வாசலில் ஊற்றும் கூழின் அதே புளிப்பு! நாங்கள் வெங்காயத்தையும் மோர்மிளகாயையும் கடித்துக்கொள்கிறோம், இவர்கள் இலவங்கப்பட்டையும் கடலையும். நாங்கள் கோடை வெக்கைக்குக் குடிக்கிறோம், இவர்கள் நடுங்கும் குளிருக்கு. பக்கத்தில் இருந்த கிழவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பொட்டலத்துக் கடலையில் ஒரு பிடி அள்ளி என் குவளையில் போட்டார்.

இஸ்தான்புல் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். எதையும் கிலோவில் கேட்காதீர்கள். நூறு கிராம், அரைப் பங்கு என்று கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள். போசா குளிர்காலப் பானம், அதற்காகவே குளிரில் போகலாம். சைவர்கள் தாவுக் கொய்சு என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கசான்திபியிலும் சில கடைகள் கோழி சேர்ப்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய முறை லோகுமுக்கு அந்தக் கவலை வேண்டாம், அதில் சர்க்கரையும் மாவுச்சத்தும்தான்.