வாப்பாட காரும் பட்டிக்குக் கீழே இருந்ததும்



மருதமுனையில் எங்கட வீட்டு வாசலால் போகிறவர்கள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சேர், வாப்பாட காருக்கு எப்ப பெயின்ட் அடிக்கிற?" சிலர் பகிடியாகக் கேட்கிறார்கள், சிலர் உண்மையான அக்கறையோடு கேட்கிறார்கள். எல்லோருக்கும் வாசலில் நின்று பதில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பழைய வாகனம் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் கடைசிவரை வாசியுங்கள்.

கார் 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, எஞ்சின் 948 சி.சி. வாப்பா அதை 1974இல் பாவித்த காராக வாங்கினார். மருதமுனைத் தறியில் நெய்த சாரனையும் சேலையையும் பின் சீற்றில் அடுக்கிக்கொண்டு பதுளை, பண்டாரவளை என்று மலையேறிப் போய் விற்றுவிட்டு வருவார். எங்கள் மூன்று பேரின் படிப்பும் ராத்தாட கல்யாணமும் அந்தக் காரில்தான் ஓடியது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இந்த நாட்டில் புதுக் கார் என்பது பெரும்பாலானவர்களுக்கு எட்டாக்கனி. இருக்கிற காரைத் திருத்தித் திருத்தி ஓடுவதுதான் வழி. அதனாலேயே மொரிஸ் மைனருக்குத் தகடு அடிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை இங்கே உருவானது. 1990களில் அந்தக் காரின் பொடித் தகடுகளை இலங்கையில் செய்து, அது பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். நம் நாட்டு டிங்கர்மாரின் கை அவ்வளவு பெயர் பெற்றது.

2004 டிசம்பர் 26. அன்று கடல் எங்கள் தெருவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் உயிர் தப்பினோம். தெருவில் எல்லோரும் தப்பவில்லை. முற்றத்தில் நின்ற காரைத் தண்ணீர் தூக்கிக் கொண்டுபோய் மதிலோடு சாத்தியிருந்தது. ஜனாஸாக்கள், முகாம், வீடு துப்புரவாக்கல் என்று எல்லாம் முடிந்து வாப்பா காரைத் திரும்பிப் பார்க்க மூன்று மாதம் போனது. எஞ்சினைக் கழற்றிக் கழுவி ஓட வைத்தார். ஆனால் தகட்டுப் பெட்டிகளுக்குள் போன உப்பு அங்கேயே இருந்தது. அது யாருடைய கண்ணுக்கும் தெரியவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு கதவுக்குக் கீழே தகடு பொங்கத் தொடங்கியதும் வாப்பா காரை ஒரு கராஜில் விட்டார். எந்தக் கராஜ் என்பது வேண்டாம். பளபளவென்று வந்தது. வாப்பாவுக்கு நல்ல சந்தோசம். மௌத்தாகும் வரை அந்தக் காரில்தான் பள்ளிக்குப் போய் வந்தார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி வந்தது. இடைப்பட்ட காலத்தில் நான்கு சில்லு உள்ள எதற்கும் விலை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப் பழைய கார் தேடி கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பெயின்ட் அடித்துத் தந்தால் இவ்வளவு தருகிறேன் என்று ஒரு தொகை சொன்னார். காக்கா மூத்த மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். கூரை போடக் காசு முடை. "மேலால பட்டி பாத்து அடிச்சிக் குடுப்பம்டா. அவன் கல்யாணத்துக்குத்தானே ஓடப் போறான்" என்றார். காக்காவைக் குறை சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைக்கு வீடு கட்டும் பாரம் நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும்.

பட்டி பார்க்க நான் கூப்பிட்டது என்னிடம் பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்த ஒரு பிள்ளையை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஓ.எல். முடிந்ததும் டிங்கரிங் வேலைக்குப் போனவன், ஒன்பது வருடமாக அதே தொழில்.

வந்தவன் பெயின்டைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவின் அடியில் வைத்தான். ஒட்டவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான். அங்கும் ஒட்டவில்லை. பிறகு முன் சீற்றைக் கழற்றி, கால்மிதியைத் தூக்கி, ஸ்குறூ டிறைவரால் தரையில் குத்தினான். கைபிடி வரைக்கும் இறங்கியது.

"சேர், இது கார் இல்ல. பெயின்ட் அடிச்ச பட்டி. இதுக்கு மேல இன்னும் பட்டி போட எனக்கு ஏலா. வெட்டத்தான் வேணும்."

காக்காவும் பக்கத்தில் நின்றார். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பதை விளக்க வேண்டும்.

லொறி, பழைய ஜீப் போன்றவற்றுக்குச் செசி தனியாக இருக்கும். மேலே உள்ள பொடி துருப்பிடித்தாலும் செசி தாங்கும். மொரிஸ் மைனரில் அப்படித் தனிச் செசி கிடையாது. தரை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டிகள், முன் சீற்றுக்குக் கீழே குறுக்காக ஓடும் இன்னொரு பெட்டி எல்லாம் சேர்ந்ததுதான் அதன் முதுகெலும்பு. முன் சில்லுகளைத் தாங்கும் இரண்டு முறுக்குக் கம்பிகள் வந்து முடிவது அந்தக் குறுக்குப் பெட்டியில்தான். அது உக்கிப்போனால் ஓடும்போதே முன்பக்கம் இறங்கிவிடும். அந்த இடத்துக்கு நேர் மேலேதான் நாங்கள் சின்ன வயதில் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். கடைசிக் காலத்தில் வாப்பா உட்கார்ந்து போனதும் அதற்கு மேலேதான்.

பையன் அந்தப் பெட்டியைச் சுரண்டியபோது உள்ளே இருந்து கொட்டியது இரும்பு இல்லை. துருத்தூளும், பழைய பத்திரிகைத் தாளும், அதற்கு மேல் பூசிய பட்டியும் தார் பெயின்டும். காக்கா கையை உள்ளே விட்டுப் பார்த்தார். எதுவும் பேசாமல் வீட்டுக்குப் போனார். இரவு இஷாவுக்குப் பிறகு வந்து, "கொழும்பாளுக்கு இல்லையென்டு சொல்லு. மாப்பிள்ள பொண்ண ஏத்தி அனுப்புற கார்" என்றார். குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் என்ன என்று நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. காக்காவுடைய பங்கையும் ராத்தாவுடைய பங்கையும் நான் இடர்கடன் எடுத்துக் கொடுத்தேன். கொழும்புக்காரர் சொன்ன விலைக்கு அது கிட்டவும் வராது. காக்காட வீட்டுக் கூரை நான்கு மாதம் பிந்தியது.

இனி வேலையைப் பற்றி. வகுப்பில் நான்கு சோதனைக் குழாய்களில் ஆணி போட்டுக் காட்டுவேன். கொதித்தாறிய தண்ணீருக்கு மேல் எண்ணெய் விட்டால் ஆணி அப்படியே இருக்கும், காற்று போகாது. உலர்ந்த குழாயிலும் அப்படியே இருக்கும், ஈரம் இல்லை. சாதாரண தண்ணீரில் துருப்பிடிக்கும். உப்புத் தண்ணீரில் அதைவிட விரைவாகப் பிடிக்கும். எங்கட கார் அந்த நாலாவது குழாய்தான். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழையே இல்லாவிட்டாலும் கடற்கரை இரவின் ஈரம் போதும், பெட்டிக்குள் உப்பு நனைந்துகொண்டே இருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். பெயின்ட் பொங்குவது அதனால்தான். அதற்கு மேல் பட்டி பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் வேகமாகத் தின்னும்.

அதனால் முதல் வேலை கழுவுவது. மட்காட் நான்கும் போல்ட்டில்தான் நிற்கின்றன, வீட்டிலேயே கழற்றலாம். எங்கட கிணற்றுத் தண்ணீரில் உப்புச் சுவை இருப்பதால் குழாய்த் தண்ணீரை மட்டும் பாவித்தோம். திறந்த பெட்டிகள் எல்லாவற்றையும் நாள்கணக்கில் அலசிக் காய விட்டோம்.

இரண்டாவது வேலை முட்டுக் கொடுப்பது. கதவுக்குக் கீழுள்ள பெட்டியை வெட்டினால் கார் நடுவில் தொய்யும், பிறகு கதவு பூட்டாது. ஆகவே கதவு இடைவெளிகளில் சதுரக் குழாய்களை வெல்டிங் பண்ணிப் பொடியைப் பிடித்துவைத்த பிறகே கிரைண்டரை எடுத்தோம். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகுதான் மறுபக்கம்.

மூன்றாவது வேலை வெட்டுவது. நல்ல இரும்பு வரும்வரை வெட்ட வேண்டும். "கொஞ்சம் மிச்சம் வைப்பமே" என்று நான் இரண்டொரு தடவை கேட்டேன். "துருவுக்கு மேல வெல்டிங் பிடிக்காது சேர்" என்பான். ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தகட்டை வளைத்து, ஒரு இடத்தில் புள்ளி வைத்தால் அடுத்த புள்ளியைத் தூரத்தில் வைப்பான். ஒரே இழுவையாக வெல்டிங் பண்ணினால் சூட்டில் தகடு நெளியுமாம். வெப்ப விரிவு பற்றி நான் வருடாவருடம் பாடம் எடுக்கிறேன். அவன் அதைக் கையால் செய்கிறான்.

வாப்பாட காரை வெட்டும்போது உம்மா பார்க்கவில்லை, அறைக்குள் போய்விட்டா. நான் உம்மாவுக்கு ஒரு கதை சொன்னேன். இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் காரைப் பார்த்துவிட்டு ஒடுக்கமாக இருக்கிறது என்று நினைத்தார். அதை நெடுக்காக இரண்டாக வெட்டி, துண்டுகளை விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். பொனட்டின் நடுவில் தெரியும் அந்தப் பட்டையான மேடு அதனால் வந்தது. வெட்டுப்பட்ட பிறகுதான் இந்தக் கார் உலகத்துக்கு வந்தது, 1948 முதல் 1971 வரை 16 லட்சம் போல் செய்தார்கள் என்றேன். உம்மா "அப்ப சரி" என்றா.

குழிகளுக்குள் சுரண்ட முடியாமல் மிஞ்சும் மெல்லிய துருவுக்கு மட்டும் மருந்து பூசினோம். பொஸ்போரிக் அமிலம் உள்ள மருந்தும் இருக்கிறது, தனின் உள்ள மருந்தும் இருக்கிறது. தனின் என்பது நம் பிளேன்டீயில் இருக்கும் அதே சாமான். இரும்போடு சேர்ந்து கறுப்பாகிப் படியும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். மருந்து துருவை நிறுத்தப் பார்க்கும், ஓட்டையான இடத்துக்குப் பலம் தராது.

வீட்டில் இந்த வேலை செய்ய நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்:

பழைய கார் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்த்தால் தூசு பிள்ளைகளின் மூச்சுக்குள் போகும். தண்ணீர் விட்டுத் தேயுங்கள், சரியான மாஸ்க் போடுங்கள், அந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

வெல்டிங்குக்கு முன் பற்றரியைக் கழற்றுங்கள். பெற்றோல் டாங்கியையும் கழற்றித் தூரத்தில் வையுங்கள். வெறும் டாங்கிதானே என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

துருவுக்கென்று பழைய ஒயிலும் மண்ணெண்ணெயும் அடித்த கார் என்றால் முதலில் நன்றாகக் கழுவுங்கள், தீப்பிடிக்கும். பக்கத்தில் தண்ணீர் வாளியும் ஒரு ஆளும் இருக்க வேண்டும்.

ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள். உக்கிய காரில் ஜக் வைக்கும் இடமே உக்கியிருக்கும்.

ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயின்டை வீட்டில் அடிக்காதீர்கள். அதன் புகாருக்குச் சாதாரண மாஸ்க் போதாது, நெஞ்சைக் கெடுக்கும். அதற்கென்று வசதி உள்ள இடத்துக்குக் கொடுங்கள்.

அடுத்தது, வாங்கப் போகிறவர்களுக்கு. கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கும்தான். கார் பளபளக்கிறதா என்று பார்க்க வேண்டாம். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடியிலும் மட்காட்டின் பின் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். கால்மிதியைத் தூக்கச் சொல்லுங்கள். டிக்கியின் தரையைப் பாருங்கள், பின் லீஃப் பிடித்திருக்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். விற்பவர் கால்மிதியைத் தூக்கச் சம்மதிக்காவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

பெயின்ட் எப்ப என்ற கேள்விக்குப் பதில் இதுதான். இப்போது கார் முழுக்க சிவப்பு பிறைமர். தரையும் குறுக்குப் பெட்டியும் ஒரு பக்கப் பெட்டியும் முடிந்துவிட்டன. மற்றப் பக்கம் நோன்பு விடுமுறையில் இன்ஷா அல்லாஹ். அது முடிந்து பெட்டிகளுக்குள் மெழுகு அடித்த பிறகுதான் பெயின்ட். யாருக்காகவும் அவசரப்படுவதாக இல்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இந்த மூன்று வேலையையும் தீர்மானித்தது நான் இல்லை, அந்தப் பையன். அவனுக்குப் பெண் பார்த்த ஒரு வீட்டில் "கராஜில நிக்கிற பொடியன்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களாம். பட்டி பூசி அன்றே காசை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அதில் வேலையும் குறைவு, லாபமும் கூட. அவன் மறுத்தான். நம் ஊரில் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் இதைவிட என்ன விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவனைப் போலத் தொழில் தெரிந்தும் கையில் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். கராஜில் பழகிய அனுபவத்தையே மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் தரும் வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில், நைட்டா என்று சொல்வோமே, அங்கே விசாரிக்கலாம். அவனுடைய விண்ணப்பத்தை நாங்கள் இருவரும் உட்கார்ந்து நிரப்பிவிட்டோம். வேறு பிள்ளைகள் இருந்தால் பின்னேரத்தில் வீட்டுக்கு அனுப்புங்கள், படிவம் நிரப்ப நான் உதவுவேன். வரும்போது அடையாள அட்டையையும் வேலை செய்த கராஜ்களின் விபரத்தையும் கொண்டு வரட்டும்.

வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள்.