பழவேற்காடு போவோமா?

"நாளைக்கு எங்கே போகலாம்?" என்ற கேள்வி சென்னைக் குடும்பங்களில் பெரும்பாலும் சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் பிறக்கிறது. மகாபலிபுரம் என்றால், "எத்தனை தடவை!" என்று குழந்தைகள் முகத்தைச் சுளிப்பார்கள். வீட்டுக்காரரோ, "வீட்டிலேயே இருந்தால் என்ன?" என்பார். இந்தத் தடவை தெற்கே போகாமல் வடக்கே திரும்புங்கள், சகோதரிகளே! சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் பழவேற்காடு என்ற மீனவர் ஊர் இருக்கிறது. காலையில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.

கார் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 20 கிலோமீட்டர். விடியற்காலையில் புறப்படுவதுதான் உசிதம். வெயில் ஏறிவிட்டால் மீன் சந்தையும் ஓய்ந்துவிடும், குழந்தைகளும் ஓய்ந்துவிடுவார்கள். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். குடிதண்ணீர், தொப்பி, குடை இவை அவசியம். சின்ன ஊர், பட்டணத்து வசதிகளை எதிர்பார்க்க வேண்டாம். அக்டோபர் முதல் மார்ச் வரை போனால் இன்னொரு லாபமும் உண்டு. ஏரியில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் காலம் அது.

ஏரி என்றால் செம்பரம்பாக்கம் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். இது கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் உப்பங்கழி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிக்கோட்டா.

முதலில் மீன் இறங்கும் துறைக்குப் போங்கள். மடவை, இறால், நண்டு என்று கூடை கூடையாக வந்து குவியும். ஏலம் கூறும் குரலும் பேரம் பேசும் குரலும் போட்டி போடும். மீன் சாப்பிடும் வீட்டார் ஐஸ் போட்ட பெட்டி கொண்டு போவது நல்லது. சாப்பிடாதவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். மூக்கை மட்டும் பொத்திக்கொள்ள வேண்டாம்! நம் வீட்டுச் சமையலறையில் ஒருவர் வந்து மூக்கைப் பொத்தினால் நமக்கு எப்படி இருக்கும்?

இந்த ஏரியில் தொழில் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அதற்குப் 'பாடு' என்று பெயர். நல்ல இறால் கிடைக்கும் இடங்கள் சிலவே. வலியவன் தினமும் அதே இடத்தில் வலை போட்டால் எளியவன் பட்டினிதான். ஆகையால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாடு கிடைத்த நாள்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும் நாள். இருளர் பெண்களோ வலையும் படகும் இல்லாமல், இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கைகளும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். அந்த இறாலை வாங்கும்போது பத்து ரூபாய்க்காக நாம் கால் மணி நேரம் வாதாட வேண்டுமா?

அடுத்தது டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம். போர்ச்சுக்கீசியருக்குப் பின்னால் வந்த டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். நம் நெசவாளர் நெய்த துணிகளைக் கப்பல் கப்பலாகக் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பினார்கள். பஞ்ச காலத்தில் மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைகள் மட்டும் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. வாசல் தூண்களில் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். சின்னக் குழந்தைகள் பயந்தால், "கல் பொம்மைதான், கண்ணே" என்று சொல்லி உள்ளே அழைத்துப் போங்கள். கற்களில் உள்ள பூவேலைப்பாடு நம் கோலங்களை நினைவூட்டும்.

இந்த ஊர்ப் பெண்கள் பனை ஓலையைச் சாயமேற்றிப் பெட்டியும் கூடையுமாக முடைகிறார்கள். கொலுவுக்கும் கல்யாணத் தாம்பூலத்துக்கும் அழகாக இருக்கும். இரண்டு வாங்கி வாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கரையில் நின்றால், "படகில் ஒரு சுற்றுப் போய் வரலாமா, அம்மா?" என்று குழந்தைகள் நச்சரிப்பார்கள். அழைத்துப் போக யாரேனும் முன்வரவும் கூடும். தயவுசெய்து ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. நம்மைப் போலவே பொழுதுபோக்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்தது. 22 பேர் மூழ்கி இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அதன் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். ஏரி பார்வைக்குச் சாதுவாகத்தான் தெரியும். ஆனால் முகத்துவாரத்தின் பக்கம் கடலும் கழியும் முட்டிக்கொள்ளும் இடத்தில், நீரின் ஓட்டம் நம் கண்ணுக்குப் புலப்படாது. மீன் பிடிக்கும் படகு வலைக்கும் மீனுக்கும் ஆனது. புடவையும் கைக்குழந்தையுமாக இருபது பேர் ஏறி உட்காருவதற்கு ஆனதல்ல. "எல்லோரும் ஏறுகிறார்களே!" என்று வீட்டுக்காரரே சொன்னாலும் சரி, நீங்கள் அசையாதீர்கள். அன்றைக்கு ஒரு நாள் பிடிவாதக்காரி என்று பெயர் எடுத்தால் எடுத்துவிட்டுப் போகிறது.

மற்றபடி, கரையே ஒரு நாளைக்குத் தாராளமாகப் போதும். உலரும் வலையை மிதிக்காமல், கேட்காமல் யாரையும் படம் பிடிக்காமல், கொண்டுபோன காகிதத்தையும் பையையும் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். மூன்று மணிக்குப் பஸ் பிடித்தால், ரயிலில் குழந்தைகள் உங்கள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே வருவார்கள். போன தலைகளை எண்ணி, அத்தனையையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தால் அதுதான் வெற்றிகரமான பிரயாணம்!