கஞ்சா எண்ணெயும் ஒரு சின்னக் கணக்கும்

கஞ்சா என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது போலீஸ் ஜீப்பும் பொட்டலமும்தான். ஆனால் அதே செடியிலிருந்து எடுத்த ஒரு மருந்து, டாக்டர் சீட்டோடு அமெரிக்காவில் விற்கப்படுகிறது. பெயர் எபிடியோலெக்ஸ். டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்காக 2018 ஜூனில் அனுமதி பெற்றது. இதில் உள்ள சரக்கு சிபிடி. போதை தருவது டிஎச்சி என்ற வேறொரு பொருள். மருந்தைக் கலந்திருப்பது நம்ம ஊர் நல்லெண்ணெயில்! எள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஆகாது.

இனி கணக்கு. 20 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஆரம்ப அளவு ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். அதாவது 50 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. ஒரு மில்லிலிட்டர் மருந்தில் 100 மில்லிகிராம் சிபிடி இருக்கிறது. ஆக, வேளைக்கு அரை மில்லிலிட்டர். ஒரு வாரம் கழித்து ஒரு மில்லிலிட்டர். அதிலும் வலிப்பு அடங்கவில்லை, குழந்தை தாங்குகிறது என்றால் டாக்டர் படிப்படியாக ஏற்றுவார். இந்த இரு நோய்களுக்கும் உச்சவரம்பு வேளைக்கு 2 மில்லிலிட்டர்.

ஐந்தாம் வகுப்புக் கணக்குதானே என்று தோன்றும். ஆனால் 0.5-ல் புள்ளியைக் கவனிக்காமல் விட்டால் பத்து மடங்கு! அதனால்தான் சமையலறை ஸ்பூனால் அளக்கவே கூடாது, கூடவே தரும் சிரிஞ்சால்தான் அளக்க வேண்டும் என்கிறார்கள்.

ஏன் இவ்வளவு மெதுவாக ஏற்ற வேண்டும்? கல்லீரலுக்காக. மருந்து தொடங்கும் முன்பும், பிறகு 1, 3, 6 மாதங்களிலும் ரத்தப் பரிசோதனை உண்டு. வால்ப்ரோயேட் மாத்திரையும் சாப்பிடும் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். குளோபசாம் சாப்பிட்டால் வேறு சிக்கல். அந்த மாத்திரை உடைந்து உண்டாகும் ஒரு பொருள் ரத்தத்தில் சுமார் மூன்று மடங்காகிவிடும். குழந்தை தூங்கி வழியும். புது மருந்தைக் குறை சொல்வதா, பழையதைக் குறைப்பதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். கொழுப்பு மிகுந்த உணவோடு கொடுத்தால் மருந்து பல மடங்கு கூடுதலாக உடம்பில் சேரும். இன்று வெறும் வயிறு, நாளை நெய்ச்சோறு என்றால் அளவு சரியாக இருந்தும் பலன் மாறும். ஒரே முறையைப் பின்பற்றுவதே நல்லது.

வலிப்பு நின்றுவிட்டது என்று மருந்தைச் சட்டென்று நிறுத்துவதும் தப்பு. வலிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பலாம். குறைப்பதையும் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும்.

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்பது நம்மவர்கள் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. செடியிலிருந்து வந்தாலும் மருந்து மருந்துதான் நண்பர்களே! ராத்திரி தூக்கக் கலக்கத்தில் சிரிஞ்சைக் கையில் பிடித்திருக்கும் ஒரு தாய்க்கு, அந்தச் சின்னக் கோடுதான் எல்லாமே.