தட்டிப் பார்த்து வாங்குங்கள்

கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகப் பட்டறைகளுக்கு நடுவே இப்போது த்ரீ-டி பிரிண்டிங் கடைகளும் முளைத்திருக்கின்றன. அங்கே ஒருவர் பிளாஸ்டிக் துண்டைத் தட்டியே அதன் விறைப்பைச் சொல்லிவிடுகிறார் என்றார் நண்பர். நான் நம்பவில்லை. கையோடு அழைத்துப் போனார்.

எல்லோரும் அவரை மாஸ்டர் என்கிறார்கள். அறுபதை நெருங்கும் வயது. வாலிபம் முழுக்க ஃபவுண்டரியில் கழிந்தது. ஆறிய வார்ப்புகளைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. கணீரென்றால் தேறியது, மொத்தென்றால் உள்ளே விரிசல். ஃபவுண்டரியை மூடிய பிறகு மகனின் பிரிண்டிங் கடைக்கு வந்தவர், இங்கேயும் தட்ட ஆரம்பித்துவிட்டார். "பிளாஸ்டிக்குக்குக் குரல் கம்மிங்க தம்பி. சட்டுனு அடங்கிப் போயிரும். காது பத்தாதுங்க, அதான் மைக்கு" என்றார்.

கம்ப்யூட்டர் சமாச்சாரங்களை மகன் விளக்கினார், பாதி புரியவில்லை. என் கண்ணெல்லாம் மாஸ்டரின் சுத்தியல் மேல். கேபிள் டையின் நுனியில் ஒட்டிய பேரிங் குண்டு, அவ்வளவுதான். கனமான சுத்தியல் பட்டால் துண்டு துள்ளும், சுத்தியலின் ஓசையும் கலந்துவிடும். இது தொட்டதும் விலகிவிடுகிறது.

15 செ.மீ. நீளமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் அச்சிட்ட பட்டை ஒன்றை எடுத்தார். இரு முனைகளிலிருந்தும் 34 மி.மீ. தள்ளி, இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டுகள்மேல் கிடத்தினார். பட்டை அதிரும்போது அசையாமல் நிற்கும் இடங்கள் அவை. அங்கே தாங்கினால் அதிர்வு தடைபடாது. நடுவில் ஒரு தட்டு. திரையில் 355 ஹெர்ட்ஸ் அருகே ஊசிபோல் ஒரு முனை எழுந்தது. எடையையும் அளவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் விறைப்பு சுமார் 3 கிகாபாஸ்கல். எஃகுக்கு 200. தடிமனில் 1 சதவீதம் பிசகினால் விடை 3 சதவீதம் பிசகும் என்பதால் காலிப்பரை மட்டும் அவர் யாரிடமும் கொடுப்பதில்லை.

இன்னும் இரண்டு பட்டைகளைக் காட்டினார். ஒன்று முதல் பட்டையின் அதே எடை. ஆனால் நிற்கவைத்து அச்சிட்டது. 320 ஹெர்ட்ஸ்தான் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகும் படலங்கள் சரியாக ஒட்டாததால் விறைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. தராசுக்கு இது தெரியாது. மற்றது உள்ளே வலைபோல் வெற்றிடம் விட்டு அச்சிட்டது. அதன் அதிர்வெண் குறையவில்லை, ஏறியிருந்தது! வளைவை எதிர்ப்பது பெரும்பாலும் வெளிச்சுவர். உள்ளே எடை குறைந்ததும் பட்டை வேகமாக அதிர்கிறது. "சத்தத்த மட்டும் நம்புனா இது ஏமாத்திப்போடுங்க. தராசும் வேணும், மைக்கும் வேணும்."

கம்பெனிகளுக்கும் கடைகளுக்கும் நடுவே நிற்கும் ஏஜென்டுகளிடம் இருப்பதோ தராசு மட்டும். கிராம் கணக்கில் கூலி பேசுகிறார்கள். பாகத்தின் உள்ளே 60 சதவீதம் நிரப்பியது என்று கம்பெனியிடம் காசு வாங்கிவிட்டு, கடையில் வந்து "20 போடுங்க, போதும்" என்கிறவர்களும் உண்டாம். பாகம் வளைந்தால் பழி கடைக்காரர் தலையில். விடிய விடிய மெஷினுக்குக் காவல் இருப்பவருக்குக் கிராமுக்கு இவ்வளவு. போன் பேசுகிறவருக்கு அதைவிட அதிகம். நெசவிலும் பீடியிலும் பார்த்த அதே அநியாயம், புதுத் தொழில்நுட்பம் என்ற பெயரில் மறுபடி நடக்கிறது. மாஸ்டர் தட்டிப் பார்க்கும் வேலைக்கு எந்த பில்லிலும் ஒரு வரிகூடக் கிடையாது.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எவ்வளவு வளையும் என்று சொல்லும். எப்போது முறியும் என்று சொல்லாது. ஆனால் பொருளைச் சேதப்படுத்தாமல், சில நிமிடங்களில், குறைந்த செலவில் நல்லதையும் கெட்டதையும் பிரித்துவிடும். ஆகவே அச்சிட்ட பாகம் வாங்குகிறவர்கள் நேராகக் கடைக்கே போங்கள். எடையையும் அதிர்வெண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.