மிதிவண்டிக்கு இறங்கி வந்த கதை

நான் வாழும் ஊர்ப்பக்கத்துக்குப் பேரிகை என்று பெயர். பெருமுரசைக் குறிக்கும் சொல் அது. தமிழ் பயின்றவன் ஆதலால், அவ்வூர்ப் பெயர்ப்பலகையைக் காணுந்தோறும் எனக்குள் ஓர் உவகை எழுவதுண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தேநீர்க் கடையில் கலந்தொலிக்கும் ஊர். அங்கிருந்து பாகலூர் வழியாக ஓசூர் செல்ல 20 கி.மீ.க்கும் மேல். என் வீடோ பேரிகையிலிருந்து இன்னும் நான்கு கி.மீ. உள்ளே. நாள்தோறும் ஓசூருக்குப் பணிக்குச் சென்று திரும்பிய நான், 2016ஆம் ஆண்டு தவணைக் கடனில் மகிழுந்து ஒன்று வாங்கினேன்.

தேவைக்காக வாங்கினேன் என்று சொன்னால் அது பாதி உண்மையே. மீதிப் பாதி பெருமை. அசோக் லேலண்டின் கனரக வண்டிகளும் டிவிஎஸ் இருசக்கர வண்டிகளும் பிறக்கின்ற நகரம் ஓசூர். அங்கே பணிபுரிவோனின் மதிப்பை அவன் ஏறிவரும் வண்டியைக் கொண்டு அளப்பது வழக்கமாகிவிட்டது. என் தந்தையார் இறுதிவரை மிதிவண்டியிலேயே சென்றவர். அவர் மகன் மகிழுந்தில் வந்து இறங்குவதை ஊரார் காண வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

2022 டிசம்பர் மாதத்து ஒரு காலை. ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள எங்கள் பகுதியில் அம்மாதத்துப் பனிமூட்டம் அடர்த்தியானது. வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்ற பதற்றத்தில், ஒரு வளைவில், முன்னே சென்ற சரக்கு வண்டியை முந்தினேன். எதிரே மிதிவண்டியில் ஒரு மாணவன். அரசின் விலையில்லா மிதிவண்டி அது. 2001-2002இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கப்பட்டுப் பின்னர் பிறர்க்கும் விரிந்த திட்டத்தின் வழியே அவன் கைக்கு வந்தது. என் வண்டி அவன்மீது மோதவில்லை. ஆனால் விலக முயன்று பள்ளத்தில் விழுந்தான். வலக்கை எலும்பு முறிந்தது.

மருத்துவமனைச் செலவை நான் ஏற்றேன். பையனின் தாயார் என்னைத் திட்டவில்லை. “காரிலே போறவங்களுக்குச் சைக்கிள்காரன் எங்கேங்க சார் தெரியப் போறான்?” என்று மட்டும் கேட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. பனியின்மேல் பழியைப் போடலாம்; வளைவின்மேல் போடலாம். ஆயினும் முந்தியவன் நான்.

அடுத்த ஆண்டு கடன் தீர்ந்ததும் வண்டியை விற்றேன். இன்று, வீட்டிலிருந்து பேரிகை வரை மிதிவண்டி. அதைத் தேநீர்க் கடையோரம் நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஓசூர்க்குப் பேருந்து. முன்பு போகவர ஏறத்தாழ 50 கி.மீ.; மாதத்துக்கு 80 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ அளவுக்குக் கரியமிலவாயு வெளிப்படும். அவ்வகையில் நான் ஒருவனே மாதந்தோறும் 180 கிலோவுக்கு மேல் காற்றில் கலந்துகொண்டிருந்தேன்.

விற்றது எளிது, விற்றபின் ஊரை எதிர்கொண்டதே கடினம். “வாத்தியாருக்குக் கடன் முற்றிவிட்டதாம்” என்றார் ஒருவர். “மகள் திருமணத்துக்குப் பணம் சேர்க்கிறாராம்” என்றார் மற்றொருவர். விரும்பி ஒருவன் மகிழுந்தைத் துறப்பான் என்பதை எவரும் நம்பவில்லை. மிதிவண்டியில் செல்லும்போது எதிரே தெரிந்தவர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும். வெட்கமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்?

அந்நாட்களில் எனக்குத் துணைநின்றது புதுக்கோட்டையின் நினைவு. 1991-92ஆம் ஆண்டுகளில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தோடு அங்கு நடந்த அறிவொளி இயக்கத்தில், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் சேர்க்கப்பட்டது. கல்லுடைக்கும் பெண்கள், வேளாண் கூலிப் பெண்கள், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் எனப் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கேலிகளைப் பொருட்படுத்தாமல் ஓட்டினர். தண்ணீர் கொண்டுவரவும், விளைபொருளை விற்கவும், பிறர் தயவின்றித் தாமே சென்றனர். அப்பெண்களுக்கு ஏற்றம் தந்த அதே வண்டி எனக்கு மட்டும் இறக்கமாகத் தோன்றுவது ஏன்? குறை வண்டியில் இல்லை. ஏறி அமர்ந்த என் மனத்தில் இருந்தது.

பேருந்து வேறொரு பாடத்தைத் தந்தது. நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் இங்கு 2021 மே மாதத்தில் வந்தது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் 2023 ஜூன் மாதத்தில் வந்தது. காலைப் பேருந்தில் தொழிற்சாலைப் பெண்களும் பூக்கூடைக்காரர்களும் மாணவரும் நெருக்கியடித்து நிற்கின்றனர். மாலை வண்டி தாமதமாவதை அவர்கள் பல்லாண்டுகளாகப் பொறுத்துவந்தனர். மகிழுந்தில் சென்ற காலத்தில் எனக்கு அது தெரியவே தெரியாது. மனு எழுதத் தெரிந்தவரும் அதிகாரியிடம் பேசத் தெரிந்தவரும் தத்தம் வண்டிகளில் போய்விட்டால், பேருந்துக்காகக் கேட்க எவர் எஞ்சுவர்? இப்போது அம்மனுவை நான் எழுதிக் கொடுக்க, உடன் பயணிப்போர் கையொப்பமிட்டுள்ளனர். விடை இன்னும் வரவில்லை, மீண்டும் எழுதுவோம்.

இழப்பே இல்லை என்று கூறமாட்டேன். சென்ற மழைக்காலத்தில், கடைசிப் பேருந்தும் போய்விட்ட ஓர் இரவில், என் அன்னையாருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. வண்டியை விற்ற என்னையே நொந்துகொண்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர், சந்தைக்கு ஏற்றியிருந்த ரோசாக் கட்டுகளை இறக்கிவைத்துவிட்டு, அந்தச் சரக்கு வண்டியிலேயே எங்களை ஓசூர் மருத்துவமனையில் சேர்த்தார். அன்னையார் நலமடைந்தார். முதியோரும் நோயாளரும் உள்ள வீட்டாரிடம் வண்டியை விற்றுவிடுங்கள் என்று சொல்லும் துணிவு அன்றுமுதல் எனக்கு இல்லை.

ஆனால் மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் பொருளீட்டி வண்டி வாங்க முற்படும்போது, தேவை எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் ஒரு பிள்ளையின் கை முறிந்திராது. அம்மாணவன் இப்போது நலமாக இருக்கிறான். காலையில் சில நாள் எதிர்ப்படுவான், மணியை ஒலிப்பான். நானும் என் மணியை ஒலிப்பேன்.