சர்க்கரை கரையும் வரை

ஹென்றி பெர்க்ஸன் என்ற பிரெஞ்சு தத்துவ ஞானியின் ‘சிருஷ்டிப் பரிணாமம்’ என்னும் நூலைச் சென்ற கோடை விடுமுறையில் கையில் எடுத்தேன். 1907-ல் வெளியான நூல். 1911-ல் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆசிரியருக்கு 1927-ஆம் ஆண்டுக்குரிய இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. இலக்கியப் பரிசு பெற்றவராயிற்றே, நடை எளிதாயிருக்கும் என்று நம்பி மோசம் போனேன்!

எட்டயபுரத்து வாத்தியாருக்குப் பிரெஞ்சு தத்துவம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் பிறந்த பாரதியாரே 1908-ல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்ப் பத்து வருஷம் வாழ்ந்தவர்தானே! அந்தத் தைரியத்தில் மாலை வேளைகளில் பாரதி மணிமண்டபத்து நிழலில் உட்கார்ந்து படிப்பேன்.

“மூன்று நாளாக அதே பக்கந்தானா?” என்று வீட்டில் கேலி செய்தார்கள்.

அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு டம்ளர் தண்ணீரும் கொஞ்சம் சர்க்கரையுமே. சர்க்கரை கரையும் வரையில் நான் காத்திருந்தே தீர வேண்டும் என்கிறார் பெர்க்ஸன். கடிகாரம் காலத்தைக் கோட்டின் மேல் வைத்த புள்ளிகளாக்கி விடுகிறது. உலகமெல்லாம் இரு மடங்கு வேகமாக ஓடினாலும் அந்தக் கணக்கு மாறாது. மாறுவது, காத்திருப்பவன் மனத்தில் ஊறும் காலந்தான். மெய்யான காலம் அதுவே என்பது அவர் கட்சி.

புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கும் கரிசல்காட்டுச் சம்சாரிக்கு இதைப் பாரிஸிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியிருந்தது எனக்குத்தான்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கேள்வி கேட்டால் உடனே விடை வராது. உதடு மட்டும் அசையும். பாடவேளை நாற்பத்தைந்து நிமிஷம், பிள்ளைகள் நாற்பது பேர். “அடுத்தவன் சொல்” என்று கையைக் காட்டிவிடுவேன். அந்த வருஷம் முழுவதும் அவனுடைய விடை ஒன்றைக்கூட நான் முழுதாகக் கேட்டதில்லை. அவன் தகப்பனாரிடம், “பையன் மந்தம்” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “சரிங்க ஐயா” என்று போய்விட்டார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பையன் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன். வறுமையும் காரணமாயிருக்கலாம். ஆனால் என் சொல்லுக்கு அதில் பங்கே இல்லை என்று சாதிக்க எனக்கு நாக்கு எழவில்லை.

பள்ளி திறந்தபின் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகுகிறேன். சில நாள் விடைக்கு முன்னால் மணி அடித்துவிடுகிறது. பாடமும் பின்தங்குகிறது, அதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெர்க்ஸனும் பள்ளி ஆசிரியராயிருந்தவரே. அவர் வகுப்பில் என்ன செய்தாரோ, அறியேன். நூலில் இன்னும் முதல் அத்தியாயத்தை நான் தாண்டவில்லை. அவசரம் ஒன்றுமில்லை.